பொடி போடாத கொட்டகை

வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். முப்பது வயதைத் தாண்டி, தடிமனான கண்ணாடி போட்டு, கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அக்காவின் கணவர் மட்டும் கேலி செய்யத் தோன்றினால் "டாக்டரம்மா" என்பார். அவர் அப்படிக் கூப்பிட்டால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். இந்த முறை காரியம் ஆக வேண்டியிருந்தது பாப்பாவுக்கு.

"மாமா, உங்க ரெண்டு கொட்டகையும் ஒரே ஒரு தடவை எனக்கு வேணும்."

அக்காவும் மாமாவும் கறிக்கோழி வளர்ப்பவர்கள். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். வளர்த்துக் கொடுத்தால் கூலி. வீட்டுக்குப் பின்னால் கம்பி வலை போட்ட இரண்டு நீளக் கொட்டகைகள், நடுவில் ஒரு லாரி போகிற அளவுக்குச் சந்து. ஒரே நீளம், ஒரே கூரை, ஒரே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பாப்பாவின் ஆராய்ச்சிக்கு இதைவிடத் தோதான இடம் அமையாது.

பூண்டு, மஞ்சள், கருஞ்சீரகம், முருங்கையிலை நான்கையும் உலர்த்தி அரைத்த பொடி அவளுடையது. தீவனத்தில் கலந்து கொடுத்தால் கோழியின் நோய் எதிர்ப்புச் சக்தி கூடுகிறது என்று கல்லூரிக் கூண்டுகளில் பார்த்திருந்தாள். கூண்டில் இருபது கோழி காட்டுகிற கணக்கை எவனும் நம்ப மாட்டான், பண்ணையில் காட்டு என்று சொல்லிவிட்டார் அவளுடைய பேராசிரியர்.

"விஷம் கிஷம் இல்லியே?" என்றாள் அக்கா.

"எல்லாம் நம்ம சமையல்கட்டுல இருக்கறதுதான்க்கா."

"சமையல்கட்டுல எலி மருந்துகூடத்தான் இருக்கு."

மாமா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்தால் அவர் சம்மதித்துவிட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். கம்பெனியின் சூப்பர்வைசரிடம் பேராசிரியரே பேசிச் சரிக்கட்டினார். அந்த சூப்பர்வைசருக்குப் பண்ணைக்காரர்கள் வைத்த பெயர் தராசு. வந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு கோழியின் காலைப் பிடித்துத் தராசில் தொங்கவிடுகிற ஆள். "எடை வந்தாச் சரி, என்ன எழவையாவது போடுங்க" என்றுவிட்டுப் போய்விட்டார்.

தீவன மூட்டைகளைப் பாப்பாவே கல்லூரியிலிருந்து லாரியில் கொண்டுவந்து இறக்கினாள். பொடி கலந்த மூட்டையின் வாயில் பச்சை நூல் தையல், சாதாரண மூட்டையில் வெள்ளை நூல்.

"பச்சை நூல் முதல் கொட்டகைக்கு. வெள்ளை நூல் ரெண்டாவதுக்கு. ஒரு கைப்பிடிகூட மாறக் கூடாதுக்கா. மாறிச்சுன்னா மொத்தமும் வீண்."

"எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு இரண்டு அடுக்கையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அட்டைப் பெட்டிகளில் குஞ்சுகள் வந்து இறங்கின. மரத்தூள் பரப்பிய தரையில் மஞ்சளாக ஓடின. பாப்பா கல்லூரிக்கும் பண்ணைக்குமாக அலைந்தாள். தடுப்பு மருந்தைத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று அவளே கேட்டுக்கொண்டாள். வெள்ளைக் கழிச்சலுக்கான மருந்து அது. ஊசி கிடையாது, குஞ்சுகளைக் கொஞ்ச நேரம் தாகத்தில் விட்டு, குடிதண்ணீரில் பால் பவுடரோடு கலந்து கொடுப்பது. ஐஸ் பெட்டியோடு அவள் வந்து இறங்கும்போதே பேராசிரியர் போனில் இருந்தார். கருத்தரங்குக்கு அனுப்ப வேண்டிய சுருக்கம் இன்னும் வரவில்லை என்று கத்தினார்.

"மாமா, தொட்டி சுத்தமா இருக்கா?" என்று போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கு டாக்டரம்மா."

முதல் கொட்டகையின் தொட்டித் தண்ணீரில் சோதனைத் தாளை முக்கிப் பார்த்தாள். நல்ல தண்ணீர். மருந்தைக் கலந்தாள். இரண்டாவது கொட்டகைக்குப் போகும்போது போன் மறுபடி அடித்தது. ஒரே கிணற்றுத் தண்ணீர்தானே என்று தாளை எடுக்காமலே அங்கேயும் கலந்துவிட்டு, பேசிக்கொண்டே வெளியே வந்தாள்.

சில வாரங்கள் கழித்து இறக்கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். சோதனை முடிவை இரண்டு தரம் படித்தாள். முதல் கொட்டகைக் கோழிகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி ஏராளம். இரண்டாவதில் இருக்கிறது என்று சொல்ல முடியாத அளவு. இவ்வளவு குறைவாகவா என்று ஒரு கணம் உறுத்தியது. பேராசிரியர் அவள் முதுகில் தட்டினார். உறுத்தல் போய்விட்டது.

நோய் காற்றில் வந்ததா, லாரிச் சக்கரத்தில் வந்ததா, தராசின் செருப்பில் வந்ததா தெரியாது. ஒரு காலையில் அக்கா போன் செய்தாள்.

"ரெண்டாவதுல சத்தம் சரியில்ல பாப்பா. கொர்ரு கொர்ருன்னு இழுக்குது."

பாப்பா போய்ப் பார்த்தாள். மூலையில் சில கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எச்சம் வெள்ளையும் பச்சையுமாக இருந்தது, வெள்ளைக் கழிச்சலின் அடையாளம். ஒரு கோழி கழுத்தைத் திருகி வானத்தைப் பார்த்தது. முதல் கொட்டகையில் எல்லாம் தீவனத் தட்டில் முட்டி மோதிக்கொண்டிருந்தன.

"மறுபடி தடுப்பு மருந்து குடுத்துடலாம். போன வருஷம் பக்கத்துப் பண்ணையில அப்படித்தான் குடுத்துப் பாதியக் காப்பாத்தினாங்க. தராசுக்குச் சொன்னா சாயங்காலமே கொண்டு வந்துடுவாரு" என்றாள் அக்கா.

பாப்பா வெளியே போய்ப் பேராசிரியரை அழைத்தாள். அவர் குரலில் சந்தோஷம் வழிந்தது.

"எதையும் தொடாதே. நோயை நாமளா உண்டாக்கிப் பார்க்கணும்னா எத்தனை அனுமதி வாங்கணும் தெரியுமா? தானா வந்திருக்கு. இப்ப மருந்து குடுத்தா ஒப்பிடவே முடியாது. கொஞ்சம் பொறு."

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. திரும்பி வந்து, "மாதிரி எடுத்து அனுப்பியிருக்கேன்க்கா. முடிவு வரட்டும், அவசரப்பட வேணாம்" என்றாள்.

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ டாக்டரா பேசறியா, என் தங்கச்சியா பேசறியா?"

"ரெண்டும் ஒண்ணுதான்க்கா."

மாமா கையைப் பிசைந்தார். "சரி, மருந்து வேணாம். அந்தப் பொடியையாவது இதுங்களுக்கும் போடேன். அந்தக் கொட்டகை கல்லாட்டம் நிக்குதே. பார்த்துக்கிட்டே இருக்கச் சொல்றியே, உனக்கு மனசு வருதா?"

"போட்டா ஆராய்ச்சி கெட்டுடும் மாமா."

அக்கா அடுக்கியிருந்த மூட்டைகளை ஒரு தரம் பார்த்தாள். குனிந்து, செத்துக் கிடந்த ஒரு கோழியின் காலைப் பிடித்துத் தூக்கி வாளியில் போட்டாள்.

பிறகு வாளி போதவில்லை. சாக்குகளில் அள்ளினார்கள். கொட்டகைக்குப் பின்னால் மாமா குழி வெட்ட வெட்ட அக்கா சுண்ணாம்புத் தூளை வாரி இறைத்தாள். முகத்தில் கட்டியிருந்த துணியை மீறி அந்த நாற்றம் சோற்றுக்குள்ளும் வந்தது. பாப்பா கையுறை போட்டுக்கொண்டு செத்த கோழிகளை அறுத்து உறுப்புகளை எடுத்துக் குப்பிகளில் போட்டாள். அவள் அறுக்கிற மேசைக்குப் பக்கத்தில் அக்கா வரவே இல்லை. தராசு வந்தார். முதன்முறையாக எதையும் எடை போடாமல் நின்று பார்த்துவிட்டுப் போனார். முதல் கொட்டகைக் கோழிகளைக் கம்பெனி ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த முறை குஞ்சு கிடையாது என்று சொல்லிவிட்டது.

கருத்தரங்கில் பாப்பா பேசினாள். இரண்டு கொட்டகைகளின் படத்தையும் அருகருகே திரையில் காட்டியபோது பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். பேசி முடித்துக் கீழே இறங்குவதற்குள் தீவனப் பொருள் விற்கிற ஒரு கம்பெனிக்காரர் பேராசிரியரின் தோளில் கைபோட்டுக்கொண்டிருந்தார். சீக்கிரமே அந்தப் பொடி பச்சைப் பொட்டலத்தில் கடைக்கு வந்தது. பொட்டலத்தின் மேல் ஒரு சேவல், கீழே பொடி எழுத்தில் பண்ணையில் நிரூபிக்கப்பட்டது என்ற வரி.

முதல் பொட்டலத்தையும் ஒரு டப்பா பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு பாப்பா அக்கா வீட்டுக்குப் போனாள். வாசலில் அக்கா கோழிகளின் தண்ணீர்க் குடுவைகளைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். விற்பதற்கு.

"இந்தாக்கா. முதல்ல உனக்குத்தான் கொண்டு வந்தேன்."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பொட்டலத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பண்ணையில நிரூபிச்சதா? எந்தப் பண்ணையில?"

"உன் பண்ணையிலதான்."

"பாப்பா, நான் ரெண்டு கொட்டகைக்கும் பாதிப் பாதி போட்டேன்."

பாப்பாவுக்குப் புரியவில்லை.

"பச்சை நூல்ல பாதி, வெள்ளை நூல்ல பாதி. மொத நாள்லேர்ந்து. உன் பொடி கெட்டதா இருந்தா ஒரு கொட்டகை மொத்தமாப் போயிடும்னு பயந்தேன். நல்லதா இருந்தா ஒண்ணுக்குக் குடுத்து ஒண்ணுக்கு இல்லேன்னு சொல்ல மனசு கேக்கல. அதான் சமமாப் போட்டேன். மாமாவுக்குக்கூடத் தெரியாது. ரெண்டும் ஒரே தீனிதான் தின்னுச்சு. ஒண்ணு செத்துச்சு, ஒண்ணு நின்னுச்சு. இதுல உன் பொடி எங்கடி வந்துச்சு?"

"பொய் சொல்ற. கோவத்துல சொல்ற."

"கோவம் இருக்கு. இல்லேன்னா சொல்றேன்? ஆனா பொய் சொல்லல."

பாப்பா தண்ணீர்க் குடுவைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே தீவனம் என்றால் ரத்தத்தில் அந்த வித்தியாசம் எப்படி வந்தது? எதிர்ப்புச் சக்தி ஒரு கொட்டகையில் ஏறி, ஒன்றில் ஏறவே இல்லை. மருந்து ஏறவில்லை என்றால் மருந்துக்கு என்ன ஆனது? அவள் எழுந்து மாமாவைத் தேடிப் போனாள். அவர் முதல் கொட்டகையில் விளக்கு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, தடுப்பு மருந்து குடுத்த அன்னைக்குத் தொட்டிய எப்படிக் கழுவினீங்க?"

"ஏன், நல்லாத்தானே கழுவினேன். நீ வர்றியேன்னு பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சேன். ஒண்ணுதான் முடிஞ்சது. ரெண்டாவது கொட்டகைத் தொட்டி. இதைக் கழுவறதுக்குள்ள நீ வந்து நின்னுட்ட." அவர் முகத்தில் பெருமைகூட இருந்தது. "ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

பிளீச்சிங் பவுடர் பட்டால் அந்த மருந்து நிமிடத்தில் செத்துவிடும். முதலாம் ஆண்டு மாணவிக்கும் தெரியும். அதற்காகத்தான் பையில் சோதனைத் தாள். இரண்டாவது கொட்டகைக் கோழிகள் அன்று குடித்தது வெறும் பால் தண்ணீர்.

வாசலுக்குத் திரும்பி வந்தாள். அக்காவிடம் சொன்னாள். மாமா தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்டது, தான் தாளை எடுக்காதது, போனில் பேசிக்கொண்டே கலந்தது, மறுபடி மருந்து கொடுக்கலாம் என்று அக்கா சொன்னபோது தடுத்தது, எல்லாவற்றையும். "பொடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான்தான்க்கா."

அக்கா அடிப்பாள் என்று பாப்பா எதிர்பார்த்தாள். அடித்தால் தேவலாம் என்றும் இருந்தது. அக்கா ஒரு குடுவையை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் தேய்த்தாள்.

"மாமாகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாதே. நாந்தான் கொன்னேன்னு நினைச்சுக்குவாரு. அந்த மனுஷனுக்கு அதைத் தாங்க முடியாது." குடுவையைக் கவிழ்த்தாள். "நீ தாங்கிக்குவ. படிச்சவ."

மறுநாள் பாப்பா பேராசிரியரின் அறைக்குப் போனாள். அவர் முழுவதையும் கேட்டார். மின்விசிறியை ஒரு சுற்றுக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தீவனம் மாறினத யாராவது பார்த்தாங்களா?"

"எங்க அக்காதான் சொல்றா சார்."

"கோழி செத்த கோவத்துல ஒரு பண்ணைக்காரம்மா ஏதோ சொல்றாங்க. அதை நான் எங்க போய்ச் சொல்லட்டும்? சரி, சொல்லலாம். அப்ப தீவனத்தை யார் மாத்தினதுன்னு கேப்பான். குஞ்சு குடுத்த கம்பெனி உங்க அக்கா மேலதான் பாயும். அவங்க இருக்கற நிலைமையில அது தேவையா? யோசி."

அவள் யோசித்தாள். யோசிக்க யோசிக்க, வாயைத் திறக்காமல் இருப்பது அக்காவுக்குச் செய்கிற உபகாரம் என்று தோன்ற ஆரம்பித்தது. அது எவ்வளவு வசதியான யோசனை என்பதும் அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அன்று பேசவில்லை. அந்த வாரமும் பேசவில்லை. கடைசியில், அவள் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு நடந்ததைச் சொல்லி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்த நாளில், அக்காவே கல்லூரி வாசலில் வந்து நின்றாள்.

"பொடிக் கம்பெனிக்காரரு வீட்டுக்கு வந்தாரு. எங்க கொட்டகைய மாதிரிப் பண்ணையா வச்சுக்கறாங்களாம். கோழிக் கம்பெனிகிட்ட அவரே பேசி, குஞ்சு மறுபடி வாங்கித் தர்றாராம். வர்றவங்ககிட்ட நடந்ததைச் சொல்லணும், அவ்வளவுதான்."

"என்ன நடந்துச்சுன்னு?"

"நீ மேடையில சொன்னியே, அதுதான்."

"அக்கா, நான் எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருக்கேன்."

"சொல்லு. கொட்டகையில பூட்டுத் தொங்குது, மாமா மூட்டை தூக்கப் போறாரு. ஒரு தடவை உன் ஆராய்ச்சிக்காக என் வாயை மூடின. இந்தத் தடவை எனக்காக உன் வாயை மூடு."

பாப்பா மூடினாள்.

குஞ்சுகள் வந்தன. கொஞ்சம் வளர்ந்ததும் பொடிக் கம்பெனி ஒரு வேனில் பண்ணைக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தது. பாப்பாவும் வெள்ளைக் கோட்டோடு வர வேண்டும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். வந்தவர்கள் காலில் பிளாஸ்டிக் உறை மாட்டிக்கொண்டு சந்தில் வரிசையாக நின்றார்கள். அக்கா ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"இந்தக் கொட்டகைக்குப் பொடி போட்டோம். நின்னுச்சு. அந்தக் கொட்டகைக்குப் போடல. மொத்தமும் போச்சு."

பின் வரிசையில் ஒரு அம்மாள் கையைத் தூக்கினாள். தீவனத் தூசு படிந்த தலைத்துண்டு, வெடிப்பு விழுந்த விரல்கள். பண்ணையிலிருந்து நேராக வேனில் ஏறி வந்தவள் போலிருந்தது.

"இதைப் போட்டா அந்தத் தண்ணி மருந்து வேணாமா? அது குடுத்தா எங்க குஞ்சுங்க ரெண்டு நாளைக்குச் சோர்ந்து சோர்ந்து விழுது. இதுலயே சக்தி வருதுன்னா அதை விட்டுடலாமே."

"அது உங்க விருப்பம்மா. சில பேரு குறைச்சிருக்காங்க" என்றார் கம்பெனி அதிகாரி.

"விடக் கூடாது" என்றாள் பாப்பா. அவள் குரல் அவளே எதிர்பாராத சத்தத்தில் வந்தது. "பொடி போடலேன்னாகூடப் பரவால்ல. மருந்தை விடவே கூடாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி சிரித்து மழுப்பினார். "மேடத்துக்கு எப்பவும் ஜாக்கிரதை அதிகம்."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பாப்பாவின் கோட்டைப் பார்த்தாள், பிறகு அக்காவின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. நீங்கதானே வளக்கறீங்க. செத்த கொட்டகைக்கு மருந்து குடுத்தீங்களா இல்லியா?"

அக்கா பாப்பாவைப் பார்க்கவில்லை. சந்தின் கடைசியில் மாமா குடுவைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்கிற தூரம்தான்.

"குடுத்தோம். ரெண்டுக்கும் குடுத்தோம்."

"குடுத்துமா செத்துச்சு?"

"செத்துச்சு."

"அப்ப மருந்துல ஒண்ணும் இல்ல" என்று அந்த அம்மாள் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். பக்கத்தில் நின்றவள் தலையாட்டினாள். வேனுக்குப் பின்னால் மேசை போட்டுப் பொட்டலம் விற்றார்கள். முதல் ஆளாகப் போய் நின்றது அந்த அம்மாள்தான்.

பாப்பா ஓடிப் போய் அவள் முழங்கையைப் பிடித்தாள். "அம்மா, நான் சொல்றதக் கேளுங்க. மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க. அங்க நடந்தது வேற."

"வேறன்னா என்ன?"

பாப்பா வாயைத் திறந்தாள். மாமா வாளியோடு வேன் பக்கமாக வந்துகொண்டிருந்தார்.

"அது உங்க சொந்த அக்காவாமே" என்றாள் அந்த அம்மாள், கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு. "தன் கோழி செத்ததப் பத்தி ஒருத்தி பொய் சொல்லுவாளா?" பொட்டலங்களை மடியில் கட்டிக்கொண்டு வேனில் ஏறினாள். அவள் எந்த ஊர் என்று பாப்பா அதிகாரியிடம் கேட்டாள். அதெல்லாம் கம்பெனி விவரம், வெளியே தரக் கூடாது என்றார்.

வேன் போன பிறகு அக்கா கொட்டகை வாசலில் நின்று கால் கழுவினாள்.

"நாளைக்குத் தண்ணி மருந்து" என்றாள். "தராசு வந்து குடுத்துக்குவாரு. நீ வர வேணாம்."

"சரிக்கா."

"எப்பவுமே வேணாம்."

பாப்பா கோட்டைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு தெருவுக்கு வந்தாள். எதிரே தீவன லாரி உள்ளே திரும்ப இடமில்லாமல் நின்றது. அவள் சுவரோரம் ஒதுங்கினாள். டிரைவர் தலையை நீட்டி, மூட்டையை எந்தக் கொட்டகையில் இறக்குவது என்று கேட்டார்.

"எனக்குத் தெரியாதுங்க. உள்ள கேளுங்க" என்றாள்.